கண்ணாடிமேல் சித்தியின் விரல்

என் ஓவியங்களைப் பற்றி யார் எழுதினாலும் மூன்று சொற்கள் தவறாமல் வந்துவிடும். நினைவு, தொன்மம், அடையாளம். முதல் தடவை படித்தபோது பெருமையாகத்தான் இருந்தது, பொய் சொல்லவில்லை. இப்போது அந்த மூன்றையும் ஒன்றாகப் பார்த்தால் முந்தாநாள் சாம்பார்ப் பாத்திரத்தைத் திறந்த மாதிரி முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன். எழுதுகிறவர்கள் படத்தைப் பார்த்து எழுதுகிறார்களா, போன கண்காட்சியின் கேட்லாக்கைப் பார்த்து எழுதுகிறார்களா என்று ஒருமுறை வாய்விட்டுக் கேட்டுவிட்டேன். அதன்பிறகு அந்த ஆள் என்னைப் பற்றி எழுதுவதில்லை.

உண்மையில் நான் வரைந்தது ஒரே ஒரு முகம். அந்த முகத்துக்குச் சூலம் கொடுத்திருக்கிறேன், கையில் அக்னிச்சட்டி கொடுத்திருக்கிறேன், வேப்பிலை உடுத்தியிருக்கிறேன், தண்டவாளத்தின் நடுவே எல்லையம்மனாக நிற்கவைத்திருக்கிறேன். உடம்பு மாறும், முகம் மாறாது. அது என் அம்மாவின் முகம். எனக்கு விவரம் தெரிவதற்கு முன்பே அம்மா மஞ்சள் காமாலையில் போய்விட்டாள். அவள் குரல் எனக்கு ஞாபகமில்லை. மடியில் படுத்த ஞாபகம்கூட இல்லை. மல்காஜ்கிரி வீட்டுக் கூடத்தில் சட்டம் போட்டு மாட்டியிருந்த படம்தான் எனக்கு அம்மா. அதைப் பிடுங்கிக்கொண்டால் எனக்கு அம்மா என்று ஒருத்தி இருந்ததற்கே அத்தாட்சி கிடையாது.

அப்பா ரயில்வே வொர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். வட ஆற்காட்டிலிருந்து வேலைக்காகச் செகந்திராபாத் பக்கம் வந்த குடும்பம். அம்மா இறந்ததும் அவளுடைய கூடப்பிறந்த தங்கை என்னைப் பார்த்துக்கொள்ள ரயிலேறி வந்தாள். வருஷம் திரும்புவதற்குள் அப்பா அவளையே கல்யாணம் செய்துகொண்டார். பிள்ளையைப் பார்க்க வந்தவள் புருஷனையும் பார்த்துக்கொண்டாள் என்று பைப்படியில் பெண்கள் பேசிச் சிரித்தது என் காதிலும் விழுந்திருக்கிறது. அவள்தான் என் சித்தி.

சித்தி என்னை அடித்ததில்லை, பட்டினி போட்டதில்லை. அப்படி ஏதாவது செய்திருந்தால் வெறுக்க வசதியாக இருந்திருக்கும். எனக்கு அவளிடம் இருந்தது அருவருப்புதான். அவள் முறுக்கு சுட்டுச் சுற்றுவட்டார வீடுகளுக்குக் கொடுப்பாள். எந்நேரமும் கையில் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும். அந்தக் கையாலேயே தலைவாரிவிட வருவாள். அவள் தொட்ட டம்ளர், அவள் மடித்த என் பள்ளிக்கூடச் சீருடை, எல்லாவற்றிலும் அந்தக் காறல் வாடை. சாப்பிடும்போது சப்புக்கொட்டுவாள். நான் தட்டை எடுத்துக்கொண்டு வாசற்படிக்குப் போய்விடுவேன்.

எல்லாவற்றையும்விட ஆடி மாதப் படையல்தான் எனக்குப் பொறுக்காது. புருஷன் இருக்கும்போதே பூவும் பொட்டுமாகப் போன பெண்ணை எங்கள் பக்கத்தில் பூவாடைக்காரி என்று வைத்துக் கும்பிடுவார்கள். புதுச்சேலை, மஞ்சள், வளையல், மாவிளக்கு எல்லாம் வைத்து வெள்ளிக்கிழமை படைக்க வேண்டும். எங்கள் வீட்டுப் பூவாடைக்காரி அம்மா. படைக்கிறவள் சித்தி. படத்தை இறக்கி, ஈரத்துணியால் துடைத்து, பலகையில் சாய்த்து வைப்பாள். மாலை போடுவாள். கண்ணாடியின்மேல் நெற்றிக்கு நேராகக் குங்குமம் வைப்பாள். கடைசியாகக் கட்டைவிரலை எடுத்துப்போய் அம்மாவின் மோவாயில் அழுத்தி, கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருப்பாள். கையை எடுத்தால் கண்ணாடியில் வட்டமாக எண்ணெய்த் தடம் நிற்கும்.

அவள் அடுப்படிக்குப் போனதும் நான் பாவாடை நுனியால் அந்தத் தடத்தைத் துடைத்துவிடுவேன். பளிச்சென்று ஆகும்வரை விடமாட்டேன். வருஷாவருஷம் இதுதான். படைத்த சேலையை மறுநாளே சித்தி கட்டிக்கொண்டு பைப்படியில் உட்கார்ந்து துணி துவைப்பாள். வீட்டுப் பெண்தான் அதைக் கட்ட வேண்டும் என்பது வழக்கமாம். என் அம்மாவின் சேலையில் சோப்பு நுரையைத் தெறித்துக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்தால் நான் அந்தப் பக்கமே போகமாட்டேன்.

இரண்டு பேருக்கும் ஜாடை இருந்தது. அக்காள் தங்கைக்கு ஜாடை இல்லாமல் எப்படி? ஆனால் படத்திலிருந்த அம்மா சிவப்பு. மூக்கு எடுப்பு. கண் நீளமாக, எங்கேயோ பார்க்கிற கண். சித்தி கறுப்பு, சீக்கிரமே சதை போட்டு, கன்னம் தொங்கி, முன்பல் இரண்டு போய்விட்டது. அம்மாவை அச்சடிக்கும்போது மை தீர்ந்துபோன பிரதி என்றுதான் அவளை நான் நினைத்துக்கொண்டிருந்தேன். என் சிநேகிதிகளிடம் அப்படியே சொல்லியும் இருக்கிறேன்.

ஓவியக் கல்லூரியில் சேர்ந்ததும் முதல் வேலையாக அந்தப் படத்தைப் பார்த்து வரைந்தேன். அது போட்டோவைப் பெரிதாக்கி அதன்மேல் வர்ணத்தால் டச்சிங் செய்த படம். அந்தக் காலத்தில் செகந்திராபாத் ஸ்டுடியோக்களில் இதற்கென்றே ஆட்கள் இருந்தார்கள். வேலை மட்டம். காதுக்கம்மல் இரண்டும் இரண்டு அளவு. மோவாயின் இடது பக்கம் மிளகு அளவில் ஒரு கறுப்புப் புள்ளி. பிரஷ்ஷை உதறியிருப்பான், அல்லது கண்ணாடி போடுவதற்கு முன் ஈ உட்கார்ந்து அசிங்கம் பண்ணியிருக்கும் என்று முடிவு செய்தேன். கம்மலைச் சரிசெய்தேன், புள்ளியை விட்டுவிட்டேன். அதற்குப் பிறகு வரைந்த எந்த முகத்திலும் மோவாய் சுத்தமாக இருக்கும்.

இப்போது கொண்டாப்பூரில் ஃபிளாட், அதில் ஒரு அறை ஸ்டுடியோ. அப்பா போய்விட்டார். சித்தி மல்காஜ்கிரி வீட்டிலேயே தன் மகனோடு இருக்கிறாள். நான் பண்டிகைக்குப் போவேன், ஒரு மணி நேரம் உட்காருவேன், காப்பி குடிக்காமல் வந்துவிடுவேன். என் கண்காட்சிக்கு அவள் வந்ததே இல்லை. கூப்பிட்டால் முட்டி வலி என்பாள். எனக்கும் அது சௌகரியமாகத்தான் இருந்தது.

போன வருஷம் ஜூப்ளி ஹில்ஸில் ஒரு கேலரி என் படங்களை மொத்தமாக வைத்துக் காட்டியது. அதை நடத்தித் தந்த க்யூரேட்டருக்கு டில்லிப் பக்கம். கசங்கிய கதர் ஜிப்பா; அது கசங்குவதற்கென்றே அதிக விலை கொடுத்து வாங்கியது. எதைச் சொன்னாலும் கண்ணை மூடி, மூச்சை இழுத்து, பிறகுதான் பதில் சொல்வார். பூவாடைக்காரி படையலைப் பற்றி நானே ஒரு பேட்டியில் உளறியிருந்தேன். அவர் அதைப் பிடித்துக்கொண்டார். திறப்பு விழாவில் நடுச்சுவரிலிருக்கும் பெரிய படத்துக்குச் சித்தி மாலை போட வேண்டும். இளைய மனைவி மூத்த மனைவியைத் தெய்வமாக வணங்குவதை நகரம் நேரில் பார்க்க வேண்டும். இதை அவர் ஆங்கிலத்தில் சொன்னபோது எனக்கு எரிச்சல்தான் வந்தது. ஆனாலும் சரி என்றேன். அவள் என் அம்மாவுக்கு முன்னால் எல்லோரும் பார்க்கத் தலைகுனிந்து நிற்கட்டும் என்று உள்ளே ஏதோ ஒன்று ஆசைப்பட்டது.

முட்டி வலியைச் சொல்லித் தப்பிக்கப் பார்த்தாள். நான் விடவில்லை. காரில் ஏற்றிக்கொண்டுபோனேன். படையல் சேலை ஒன்றைக் கட்டியிருந்தாள்.

கேலரியில் எலுமிச்சைப் புல் வாசனை அடித்துக்கொண்டிருந்தது. மினி இட்லியைக் குச்சியில் குத்தி, மருந்து ஊற்றும் அளவுள்ள கண்ணாடிக் குவளையில் சாம்பார் ஊற்றி நீட்டினார்கள். சுற்றி நின்றவர்கள் அதை வாயில் போட்டுக்கொண்டே என் தாயில்லாத பிள்ளைப்பிராயத்தைப் பற்றி விசாரித்தார்கள். ஒரு பெண்மணி என் கையைப் பிடித்துக்கொண்டு, துக்கம் உங்களுக்கு எவ்வளவு நன்றாக உதவியிருக்கிறது என்றாள். உதட்டோரம் தேங்காய்ச் சட்னி ஒட்டியிருந்தது. நான் கையை உருவிக்கொண்டேன்.

க்யூரேட்டர் மல்லிகை மாலையைத் தாம்பாளத்தில் வைத்துச் சித்தியிடம் கொண்டுவந்தார். கேமராக்காரன் முட்டிபோட்டு உட்கார்ந்தான். சித்தி மாலையைத் தொடவில்லை. படத்துக்குக் கிட்டே போனாள். அது பத்தடி உயரம். அவள் தலை அம்மாவின் இடுப்பளவுக்குத்தான் வந்தது. அண்ணாந்து பார்த்தாள். கண்ணைச் சுருக்கிக்கொண்டு எதையோ தேடினாள். பிறகு பக்கத்துப் படத்துக்குப் போனாள். அதற்கடுத்த படத்துக்கும் போனாள். அந்தப் படம் சின்னது, முகம் எட்டும் உயரத்தில் இருந்தது. மோவாய்ப் பக்கம் விரலைக் கொண்டுபோனாள். தொடக் கூடாது என்று காவலாள் ஓடிவந்தான்.

"அம்மா, ஆயியே, மாலா டாலியே," என்று க்யூரேட்டர் இந்தியில் குழைந்தார்.

"நக்கோ பாபா," என்று இந்த ஊர் இந்தியில் வேண்டாமென்றாள் சித்தி.

"நக்கோ? கியோன்?"

அவர் ஏன் என்று கேட்டதைச் சித்தி காதில் போட்டுக்கொள்ளாமல் என் பக்கம் திரும்பினாள்.

"இதுல அக்கா இல்ல, பாப்பா. எதுலயும் இல்ல. என்ன இட்டுகினு போ."

என்ன சொல்கிறார், என்ன சொல்கிறார் என்று க்யூரேட்டர் என் தோளைத் தட்டினார். களைத்துவிட்டார் என்றேன். அத்தனை பேர் முன்னால் மானத்தை வாங்கிவிட்டாள் என்று எனக்குப் பல்லைக் கடிக்கிற கோபம். காரில் ஏறியதும் கேட்டுவிட்டேன்.

"அம்மா இல்லன்னா என்ன அர்த்தம்? வேற யாராம் அது?"

"நான்தான்."

கிண்டல் என்று நினைத்தேன். ஆனால் சித்திக்குக் கிண்டல் வராது.

"அக்காளுக்குப் போட்டோவே கெடையாது. கல்யாணத்துல எடுத்தது ஒண்ணே ஒண்ணு. குவாட்டர்ஸ் ஒழுகி, அது நனைஞ்சி, மூஞ்சியே இல்லாம பூட்ச்சி. அவ போனதும் ஒங்கப்பா ஸ்டுடியோக்காரன்கிட்டப் போனாரு. போட்டோ இல்லாம இன்னாத்தப் பெருசு பண்றதுன்னு கேட்டான் அவன். கூடப் பொறந்தவ யாரானா இருந்தா இட்டுகினு வா, அந்த மூஞ்சிய வெச்சி சரி பண்லாம்னான். நான் அப்பத்தான் ஒன்னப் பாத்துக்க வந்திருந்தேன். கல்யாணப் பேச்செல்லாம் அப்பக் கெடையாது. ஸ்டூல்ல ஒக்கார வெச்சி எடுத்தாங்க. அக்கா செவப்புன்னாரு ஒங்கப்பா, செவப்பாக்கிட்டான். மூக்கு எடுப்புன்னாரு, எடுப்பாக்கிட்டான்."

பேகம்பேட்டில் கார் நின்றுபோயிருந்தது. முன்னும் பின்னும் ஹாரன். டிரைவர் போனில் தெலுங்கில் யாரையோ திட்டிக்கொண்டிருந்தான். நான் சித்தியின் முகத்தைப் பார்த்தேன். தொங்குகிற கன்னத்தையும் கறுப்பையும் தள்ளிவிட்டுப் பார்த்தேன். முகத்தின் அளவுகளை எடுப்பது என் தொழில். கண்ணுக்கும் புருவத்துக்கும் நடுவிலுள்ள இடம், மேலுதட்டின் வளைவு, நெற்றி முடிகிற கோடு. அவ்வளவும் என் கைக்குப் பழகியவை. வாழ்நாள் பூராவும் நான் வரைந்துகொண்டிருந்தது, சாப்பிடும்போது சப்புக்கொட்டுகிற இவளை.

"எனக்கு ஏன் யாரும் சொல்லல?"

"நீ அந்தப் படத்துக்கு முன்னாடி நின்னு பேசிகினு இருப்ப. இஸ்கூல்ல நடந்ததெல்லாம் சொல்லுவ. கொழந்தைக்குப் பாக்க ஒரு மூஞ்சி இருக்கட்டும், வாயத் தொறக்காதன்னாரு ஒங்கப்பா. நான் இன்னாத்துக்குத் தொறக்கப் போறேன்."

"உயிரோட இருக்கிறவங்க படத்துக்கு மாலை போடலாமா? நீயே போட்டுக்கிட்டு வந்தியே."

"போடக் கூடாதுன்னு எனக்குத் தெரியாதா? மொத வருசம் மாலைய எடுக்கவே பயந்தேன். அப்பறம் ஒரு வழி கண்டுபுடிச்சேன். அதுல மோவாகட்டையில மச்சம் கீதே, அது ஒண்டிதான் அக்காளுது. ஒங்கப்பா வெக்கச் சொன்னாரு. அவளுக்கு அங்கதான் மச்சம் இருந்திச்சி, பேசறப்ப அதுவும் கூட ஆடும். அத்தத் தொட்டுட்டேன்னா அக்காளத் தொட்ட மாதிரி. மாலையெல்லாம் அவளுக்குப் பூடும், எனக்கு ஒண்ணும் ஆவாது." முட்டியைத் தேய்த்துக்கொண்டாள். "ஒன் படத்துல மச்சமே இல்லியே, பாப்பா. அங்க மாலை போட்டா அது எனக்குத்தான போட்டுகினதா ஆவும்?"

அவளை வீட்டில் விட்டுவிட்டு, படத்தை ஏறிட்டும் பார்க்காமல் கிளம்பிவிட்டேன். ஈ அசிங்கம் பண்ணியது என்று நான் ஒதுக்கிய புள்ளிதான் என் அம்மாவில் மிச்சமிருந்த அவ்வளவும். கொண்டாப்பூர் வந்து முகம் கழுவினேன். மறுபடி கழுவினேன். கண்ணாடியில் என் மோவாயைப் பார்த்தேன். எனக்கு மச்சம் கிடையாது.

மறுநாள் க்யூரேட்டருக்குப் போன் செய்து, படங்களை இறக்கிவிடச் சொன்னேன். காரணம் கேட்டார். சொல்லித் தொலைத்தேன். அந்தப் பக்கம் கண்ணை மூடி மூச்சை இழுத்துக்கொண்டிருக்கிறார் என்று தெரிந்தது. அப்புறம், இது முதலில் இருந்ததைவிட எவ்வளவோ மேல் என்றார். மூலமே இல்லாத நகல் என்றார். தொன்மம் எப்படி உற்பத்தியாகிறது என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும் என்றார். சித்தியைப் படத்துக்கு முன்னால் உட்காரவைத்து வீடியோ எடுக்கலாம், சுவரில் எழுதியிருப்பதை இன்றைக்கே மாற்றிவிடலாம், மாலைச் சடங்கை இந்தப் புதிய அர்த்தத்தோடு இன்னொருமுறை நடத்தலாம். என் அம்மா இரண்டாம் தடவை செத்ததில் அந்த மனுஷனுக்கு அப்படி ஒரு சந்தோஷம். சனியனே என்று தமிழில் திட்டிவிட்டுப் போனை வைத்தேன். அழகான சொல், என்ன அர்த்தம் என்று மெசேஜ் அனுப்பியிருந்தார்.

பிற்பகலில் கறுப்பு டியூபையும் மெல்லிய பிரஷ்ஷையும் பையில் போட்டுக்கொண்டு கேலரிக்குப் போனேன். ஆள் நடமாட்டம் இல்லை. குவளைகளைக் கழுவாமல் ஓரமாக அடுக்கியிருந்தார்கள், சாம்பார் புளித்த வாடை. பெரிய படத்துக்கு முன்னால் ஸ்டூல் போட்டு ஏறினேன். மோவாய்க்கு நேராக பிரஷ்ஷைக் கொண்டுபோனேன். எங்கே வைப்பது என்று தெரியவில்லை. இடது பக்கம், சரி. உதட்டிலிருந்து எவ்வளவு கீழே? என்னுடைய எல்லையம்மனுக்குச் சூலம் இருந்தது, ரத்தம் வழிகிற நாக்கு இருந்தது, கண்ணில் நான் பாடுபட்டு வரவழைத்த உக்கிரம் இருந்தது. அவளுக்கு மச்சம் வைத்தால் அதுவும் ஒரு நகையாகத்தான் போகும். பேசும்போது கூட ஆடாது. கூடம் முழுக்க சித்தியின் இளவயது முகம், சிவப்படித்து, மூக்கைச் செதுக்கி, விலை எழுதிய சீட்டோடு தொங்கிக்கொண்டிருந்தது. எனக்கு என் கைமேலேயே அருவருப்பாக வந்தது. இறங்கிவிட்டேன்.

அதற்குப் பிறகு நான் முகம் எதுவும் வரையவில்லை. ஏன் என்று கேட்கிறவர்களுக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

ஆடி வந்தது. ஊரெல்லாம் போனாலு என்கிற அம்மன் திருவிழாவின் கொட்டுச் சத்தம். வெள்ளிக்கிழமை மல்காஜ்கிரிக்குப் போனேன். சித்தி முறுக்கு சுட்டு முடித்து, அடுப்படியில் உட்கார்ந்திருந்தாள். அதே எண்ணெய் வாடை. அது எனக்கு இன்றைக்கும் பிடிக்கவில்லை, பிடிப்பதாக நடிக்கவும் போவதில்லை. முட்டி மடங்கவில்லை, நீயே இறக்கு என்றாள். படத்தை இறக்கினேன், துடைத்தேன், பலகையில் சாய்த்தேன். மாலை போட்டாள். குங்குமம் வைத்தாள். பிறகு பலகையைப் பிடித்துக்கொண்டு கஷ்டப்பட்டுக் குனிந்து, கட்டைவிரலை மச்சத்தின்மேல் அழுத்தினாள்.

"ஹவ், ஆமா, இங்கதான்," என்றாள், யாரும் எதுவும் கேட்காமலே.

பிறகு சுவரைப் பிடித்து நிமிர்ந்து, மாவிளக்கு எடுத்துவர அடுப்படிப் பக்கம் நடந்தாள். கண்ணாடியில் தடம் இருந்தது. நடுவில் மச்சம். நான் கிட்டே போய் உட்கார்ந்தேன்.

சித்தி திரும்பிப் பார்க்கவில்லை.

"இந்த வருசம் ஒண்டி தொடச்சிறாத, பாப்பா," என்றாள்.

குனிந்து பார்த்தேன். துப்பட்டாவின் நுனி அதற்குள் என் கைக்கு வந்திருந்தது.